எபிசோடு 41: கோத்தர் உலையும் கவாத்துக் கத்தியும்

இது நம்ம எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த 'அதாவது'களையும் இருமலையும் எடுத்துட்டு, மிச்சத்தை ஏறக்குறைய அப்படியே விட்டிருக்கேன்.

என் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் மடக்குக் கத்திப் பைத்தியம். எந்த ஸ்டீல், எத்தனை அங்குலம், பூட்டு எப்படி விழுது, எல்லாம் மனப்பாடம். வாங்கின கத்தியை வெச்சு அவன் இதுவரைக்கும் வெட்டினது அமேசான் பார்சல் டேப்பு மட்டும்தான். அவன் ஒருநாள் கேட்டான்: "நீ நீலகிரிக்காரன்தானே, உங்க மலையில நல்ல கத்தி எது?" கேள்வியே எனக்குக் கொஞ்சம் விசித்திரமா இருந்தது. எங்க பக்கம் கத்தின்னு சொன்னா, 'எதுக்கு?'ன்னுதான் முதல்ல கேப்பாங்க. முட்டைக்கோஸ் அறுக்கவா, வேலிக்கு உண்ணிச்செடி வெட்டவா, விறகு பிளக்கவா, தேயிலை கவாத்து பண்ணவா? ஒவ்வொண்ணுக்கும் வேற வளைவு, வேற எடை, வேற பிடி.

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோடு. படிக்கப் படிக்க ஒண்ணு தெளிவாச்சு. நீலகிரியில் கத்தி என்பது தனி ஒரு ஆளோட பாக்கெட்டில் இருந்த பொருள் இல்லை. செய்தவருக்கும் பிடித்தவருக்கும் நடுவில் இருந்த ஓர் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு இரண்டு முறை ஆட்டம் கண்டது. இரண்டு முறையும் 'மலிவான சரக்கு வந்தது, பழைய கைத்தொழில் செத்தது'ன்னு ஒரே வரியில் முடிச்சிட முடியாது.

அதுக்கு முன்னாடி பாக்கெட் கத்தி ஆசாமிகளுக்காக ஒரு சின்ன விலகல். நம்ம ஊரில் மடக்குக் கத்திக்குப் பழைய பேர் பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவுற கத்தி, அதனால அந்தப் பேர். ஆங்கிலேயர் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவங்க கைக்கு வந்து, பிறகு பென்சில் சீவுறது, மாங்காய் நறுக்குறதுன்னு வீட்டுக்குள்ள நுழைஞ்சது. ஆனா மடக்குற கத்தி நமக்கு வெள்ளைக்காரன் கொடுத்த யோசனை இல்லை. ஓலைச்சுவடிக் காலத்திலேயே மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு இருந்தது. ஒரு பக்கம் ஓலையை வாரிச் சீராக்கக் கத்தி, இன்னொரு பக்கம் எழுத எழுத்தாணி, ரெண்டையும் கைப்பிடிக்குள்ள மடக்கிக்கலாம். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் தன்னோட அதிகாரிகள் கத்தியைப் பதிவு செஞ்சது 1897ல். 'ஒரே பிடியில் ரெண்டு கருவி'ங்கிற எண்ணம் அவருக்கு முன்னாடியே தமிழ் ஏட்டுக்காரங்க மடியில் இருந்தது. சரி, மலைக்கு வருவோம்.

நீலகிரி மலைமுகடுகளில் கல்வட்டங்களும் கற்குவைகளும் நிறைய உண்டு. பழங்கால ஈமச்சின்னங்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் அவற்றைத் தோண்டித் தள்ளினாங்க. இன்றைய தொல்லியலாளர் பார்த்தா தலையில அடிச்சுக்குவார், அந்த லட்சணத்தில் தோண்டினது. நீலகிரியின் முதல் கமிஷனரா இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டினதையும் பார்த்ததையும் வெச்சு ஒரு புத்தகம் எழுதினார். அவர் 1872ல் இறந்துட்டார். புத்தகம் 1873ல் வந்தது. அவர் சேகரித்த பொருள்களில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போச்சு. வெண்கலக் கிண்ணங்கள், விலங்கு உருவம் வெச்ச மண்பானை மூடிகள், அதுகூடவே இரும்பு: ஈட்டி முனை, கத்தி, அரிவாள். செத்தவர் கூட அரிவாளையும் வெச்சுப் புதைச்சிருக்காங்க. இரும்பு இந்த மலைக்குப் புதுசு இல்லைன்னு காட்ட இது போதும்.

இப்போ கோத்தர்கள். கோத்தகிரிங்கிற பேரிலேயே அவங்க இருக்காங்க. சோலூர் கோக்கால், திருச்சிகடி, கூடலூர் பக்கத்துக் கோக்கால்னு ஏழு ஊர்கள். தோடர் எருமை வளர்த்தாங்க, படகர் பயிர் செஞ்சாங்க, குறும்பர் காட்டுப்பொருளும் மந்திரமும் கொடுத்தாங்க, கோத்தர் கைவினை செஞ்சாங்கன்னு பள்ளிப் புத்தகம் ஒரே மூச்சில் சொல்லிடும். ஆனா கைவினைன்னா என்னென்ன? கொல்லு வேலை, தச்சு வேலை, பெண்கள் செய்யுற மண்பாண்டம், அதுக்கு மேல மற்றவர்களோட சாவு வீட்டில் இசை. ஒரு படகர் குடும்பத்துக்குக் களைக்கொட்டு, அரிவாள், கத்தி, கோடாலி எல்லாம் ஒரு குறிப்பிட்ட கோத்தர் வீட்டிலிருந்துதான் வரும். அப்பன் காலத்து உறவு மகனுக்கும் தொடரும். கத்திக்கு விலை கிடையாது. அறுவடையில் தானியம் கொடுப்பாங்க. தோடர்கள் சாவுச் சடங்குக்கும் கோத்தர் சாமான் செஞ்சு கொடுக்கணும். பதிலுக்கு அந்தச் சடங்கில் பலியான எருமை கோத்தருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் காலத்தில் கோத்தர் ஆயிரத்துச் சொச்சம் பேர். படகர் நாற்பதாயிரத்துக்கு மேல. ஒரு கோத்தருக்கு நாற்பது படகர். நம்ம பாஷையில் சொன்னா, ஒரு சின்ன சர்வர் மேல மொத்த மலையோட லோடும் ஏறியிருக்கு. முந்தின நூற்றாண்டில் ஆள் குறைவா இருந்தப்ப ஓடின ஏற்பாடு, ஆள் பெருகினதும் திணற ஆரம்பிச்சது. அதே சமயம் கீழேயிருந்து சாலை வந்தது. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில், 1908ல் ஊட்டி வரைக்கும். காசு கொடுத்தா சந்தையில் மண்வெட்டியும் கத்தியும் அன்னைக்கே கிடைக்கும். உருளைக்கிழங்கும் தேயிலையும் படகர் கையில் காசைக் கொண்டுவந்தது. தானியம் கொடுத்து அடுத்த மாசம் வரை கத்திக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் போச்சு.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கதை. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் 1930களின் பிற்பகுதியில் இங்கே தங்கி கோத்தர்களோட வேலை செஞ்சார். அவர் எழுதினதைப் படிச்சா கதைக்கு இன்னொரு பக்கம் தெரியுது. அவருக்கும், கோத்த மொழியைப் பதிவு செஞ்ச மொழியியலாளர் மரே எமனோவுக்கும் உதவினவர் சுள்ளி என்கிற கோத்த ஆசிரியர். ஆங்கிலம் படிச்சவர். நீளமா வளர்த்து முடியுற கோத்த வழக்கத்தை மீறித் தலைமுடியை வெட்டிக்கிட்டவர். மற்றவங்க சாவுக்கு இசைக்கப் போறதை நிறுத்தணும், செத்த எருமை இறைச்சியை விடணும்னு ஊருக்குள்ள சண்டை போட்டவர். அவரைப் பற்றி மாண்டல்பாம் பிறகு எழுதின கட்டுரைக்குத் தலைப்பே 'தன் மக்களின் சீர்திருத்தக்காரர்'ங்கிற மாதிரிதான்.

சுள்ளி ஏன் கோபப்பட்டார்? அந்தக் கத்தி ஏற்பாட்டில் கோத்தருக்குத் தானியம் கிடைச்சது, மரியாதை கிடைக்கல. கத்தி செஞ்ச கைதான் சாவு இசையும் வாசிக்கணும். அதே காரணத்தைக் காட்டியே அவங்களைக் கீழே வெச்சாங்க. படகர்களுக்குள்ளேயும் அதே காலத்தில் சீர்திருத்தக்காரங்க கிளம்பி, கோத்தர் இசை வேண்டாம்னு சொன்னாங்க. வேணும்னு சொன்ன படகர்களோட மோதல் வந்தது. ரெண்டு பக்கமும் இழுத்ததில் முடிச்சு அவிழ்ந்தது.

'பணமில்லாத பண்டமாற்று, நாலு இனமும் ஒற்றுமையா வாழ்ந்த பொற்காலம்'னு நீலகிரி பற்றி வீடியோ போடுறவங்க இந்த இடத்தைத் தாண்டிப் போயிடறாங்க. எனக்கு அது ஒப்பலை. சந்தைக் கத்தி மலிவா வந்தது உண்மை. ஆனா உலைக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் எழுந்து 'இந்த விலைக்கு இது வேண்டாம்'னு சொன்னதும் உண்மை. கொல்லுத்தொழில் சுருங்கினதை வெறும் இழப்புன்னு அழுதா, சுள்ளி கேட்டதை நாம காதில் வாங்கலன்னு அர்த்தம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டு நகர்றேன். கோத்தர் தெய்வங்கள் அய்யனோர், அம்மனோர். அவங்க வருடத் திருவிழா பற்றிய பழைய பதிவுகளில், கோயில் வளாகத்துக்குள்ளேயே உலையும் துருத்தியும் வெச்சு, பூசாரி கையால ஒரு வெட்டுக்கத்தியோ கோடாலியோ அடிக்கிற சடங்கு வருது. ஊராருக்குச் செய்யுற கத்தி வேற, சாமி முன்னாடி செய்யுற கத்தி வேற. முதலாவதை விட்டு விலகலாம், ரெண்டாவதுக்கு யாரும் விலை வைக்க முடியாது.

அடுத்த கத்தி, என்னைப் பொறுத்தவரை நீலகிரியோட முகத்தையே வெட்டி வெச்ச கத்தி: கவாத்துக் கத்தி.

தேயிலை ஒரு செடின்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். அது மரம். சும்மா விட்டா முப்பது அடிக்கு மேல வளரும். நீங்க ஊட்டி போறப்ப ஜன்னல் வழியா போட்டோ எடுக்குற அந்தப் பச்சைப் படிக்கட்டு இயற்கை இல்லை; ஒவ்வொரு நாலஞ்சு வருஷமும் ஒரு கத்தி அந்த மரத்தை இடுப்புக்குக் கீழே இறக்கி வெச்சதால வந்தது. 1830களில் கேத்தியில் சோதனையா நட்டாங்க, 1860களில் தோட்டங்கள் வளர ஆரம்பிச்சது. நூறு வயசு தாண்டின செடிகள் இன்னும் கொழுந்து கொடுக்குது. நூற்றிருபது வயசு செடின்னு வெச்சுக்கிட்டா, அது ஏறக்குறைய இருபத்துநாலு முறை வெட்டப்பட்டிருக்கும்.

எவ்வளவு கீழே வெட்டுறதுங்கிறதுல வகை இருக்கு. தரையிலிருந்து 30 செ.மீ.க்குக் கீழே போனா புத்துயிர்க் கவாத்து, கிழட்டுச் செடிக்கு. 30லிருந்து 45 வரை கடினக் கவாத்து. 45லிருந்து 60 வரை நடுத்தரம், அதுக்கு மேல லேசான கவாத்து. வெட்டுறதுக்கு முன்னாடி வேரில் மாவுச்சத்து போதுமான அளவு இருக்கான்னு அயோடின் ஊத்திப் பார்ப்பாங்க. பள்ளிக்கூட லேப்ல உருளைக்கிழங்குக்குப் பண்ணோமே, அதே சோதனை. நீலமா மாறினா வெட்டலாம். இல்லேன்னா செடிக்கு ஓய்வு கொடுக்கணும், ஏன்னா இலை மொத்தமும் போன பிறகு புதுத் தளிரைத் தள்ள வேரில் சேர்த்து வெச்சதுதான் மூலதனம். சில இடத்தில் ரெண்டு மூணு கிளையை மட்டும் வெட்டாம விடுவாங்க. தோட்டத்து ஆங்கிலத்தில் அதுக்கு நுரையீரல்னே பேரு. பொருத்தமான பேர்.

கத்தி எப்படி இருக்கும்? கனமா, நுனி உள்பக்கமா வளைஞ்சு, ஒரு கைக்கு அடங்குற நீளத்தில் இருக்கும். அரிவாளுக்குத் தம்பி மாதிரி. பல இடங்களில் கிராமத்துக் கொல்லர்கள் லாரியோட ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சித்தான் இந்த மாதிரிக் கத்தி அடிக்கிறாங்க. அந்த எஃகு வளைஞ்சு நிமிர்றதுக்குன்னு செஞ்சது, அதனால கணுவில் மோதினாலும் சுலபத்தில் உடையாது. முனை மழுங்கும், ஆனா தீட்டினா திரும்பி வரும். கவாத்துக்காரர் இடுப்பில் தீட்டுக்கல் இருக்கும். காலையில் தீட்டினது மதியம் வரை தாங்காது.

குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கிறதை நின்னு பார்த்துட்டு இருந்தேன். வெட்டு நேரா இல்லாம சாய்வா, செடியோட உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. "ஏண்ணே எல்லாத்தையும் சாய்ச்சே வெட்டுறீங்க?"ன்னு கேட்டேன். "தண்ணி நிக்கக் கூடாது தம்பி. நின்னா அழுகும். பட்டை கிழிஞ்சாலும் அழுகும்"னார். சொல்லிட்டே அடுத்த கிளையை ஒரே இழுப்பில் எடுத்தார். கட்டைவிரல் பருமன் கிளை, முகம் கண்ணாடி மாதிரி. வெட்டின முகத்தில் தாமிரக் கலவை பூசறது அதுக்கப்புறம். வெட்டே சுத்தமா இல்லேன்னா பூச்சு எவ்வளவு தடவினாலும் பெரிய பலன் இல்லை.

கவாத்துங்கிற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் உண்டு: படை வீரர்களோட அணிப் பயிற்சி. வெட்டி முடிச்ச மலையைத் தூரத்திலிருந்து பார்த்தா, மொட்டைக் குச்சிகள் வரிசை வரிசையா நிக்கும். ரெண்டு அர்த்தமும் அங்கே சேர்ந்துடும்.

இந்த வேலையை யார் செஞ்சாங்க? தேயிலைன்னா விளம்பரத்தில் கூடையோட ஒரு பெண் வருவாங்க. கவாத்துக்காரரை எந்த டப்பாவிலும் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கிறது பெரும்பாலும் பெண்கள் வேலை, கவாத்து ஆண்கள் வேலைன்னு தோட்டம் பிரிச்சு வெச்சது. முதுகை வளைச்சே நாள் முழுக்க நிக்கணும். வெட்டி விழுந்த குச்சிக்கு மிலாறுன்னு பேரு. அதைக் கட்டி லைன் வீட்டு அடுப்புக்குத் தூக்கிட்டுப் போறது பெண்கள். ஆக, அந்தக் கத்தி தேயிலையை மட்டும் இல்லை, வீட்டு விறகையும் வெட்டிக் கொடுத்தது.

மிலாறுங்கிற சொல்லை இலங்கை மலையகத்திலும் கேட்கலாம். அங்கே கவாத்தைக் கவ்வாத்துன்னு அழுத்திச் சொல்வாங்க. இங்கேதான் நீலகிரிக் கதையில் கடல் வருது. 1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கலாம்னு ரெண்டு பிரதமர்கள் கணக்கைப் பிரிச்சாங்க. எக்செல் ஷீட்டைப் பிரிக்கிற மாதிரி. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி, ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியா தாங்கள் பார்த்தே இராத 'சொந்த நாட்டுக்கு' வந்தாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968ல் வனத்துறை வழியா தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சது. அதுதான் பிறகு டான்டீ கழகம் ஆச்சு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்னு காட்டை வெட்டித் தோட்டம்.

அரசாங்கக் கோப்பில் அவங்க 'தாயகம் திரும்பியோர்'. நான் அதை வேற மாதிரி பார்க்கிறேன். ரெண்டு மூணு தலைமுறை ஹட்டன், நுவரெலியா மலைகளில் பழகின வெட்டு, ஒரு கையெழுத்தில் கடல் தாண்டி இங்கே வந்து இறங்கியிருக்கு. கொண்டுவர அனுமதிச்ச சாமான் பட்டியலில் அந்தத் திறமைக்கு ஒரு வரியும் கிடையாது, சுங்கமும் கிடையாது. இங்கே நிலம் வேற, மழை வேற, ஆனா 45 செ.மீ.யில் சாய்ச்சு வெட்டுற கைக்கு அது பெரிய விஷயம் இல்லை. அப்படி வந்தவங்களோட பேரப்பிள்ளைகளில் சிலர் இன்னைக்கு என்னை மாதிரி கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் கீபோர்டு தட்டிட்டு இருக்காங்க. அவங்களில் ஒருத்தரையாவது கவாத்துக் கத்தி எடுக்கச் சொல்லிப் பாருங்க. எடுக்க மாட்டாங்க. ஏன் எடுக்கணும்?

அதான் சொன்னேன், ஆட்டம் ரெண்டு முறை. கோத்தர் உலையிலிருந்து எழுந்த மாதிரியே, கவாத்துக்காரர் வீட்டுப் பையனும் மலையிலிருந்து இறங்கிட்டான். ஆள் பற்றாக்குறைன்னு தோட்டங்கள் சொல்லும். அந்த வார்த்தையில் யாரோ வராம போன மாதிரி ஒரு குறை தொனிக்குது. வராததுக்கு அவங்களுக்குக் காரணம் இருக்கு.

அந்த இடத்தில் இப்போ இயந்திரம். தோளில் மாட்டிக்கிற பெட்ரோல் இன்ஜின், முனையில் சுத்துற வட்டத் தகடு. வேகத்தில் கைக்கத்தி பக்கத்திலேயே நிக்க முடியாது. கொழுந்து பறிக்கிறதுக்கும் பை வெச்ச கத்தரி வந்தாச்சு. ஆனா தகடு மழுங்கினாலோ, ஓட்டுறவர் அவசரப்பட்டாலோ கிளை முனை பிளக்கும். நான் பார்த்த தோட்டத்தில் இயந்திரம் முன்னால போக, பின்னாலயே ஒரு பெரியவர் கத்தியோட நடந்து பிளந்த முனைகளை மட்டும் சீவிட்டுப் போனார். இயந்திரத்தை நான் குறை சொல்லலை. நாள் முழுக்க வளைஞ்ச முதுகு நிமிர்றது நல்லதுதான். கூடவே அந்த இரைச்சலும் அதிர்வும் வேற ஒரு உடம்பு வலியைக் கொண்டுவரும்.

கடைசியா சட்டம், ஏன்னா பக்கத்து சீட்டுக்காரன் கட்டாயம் கேப்பான். ஆயுதச் சட்டம் 1959. அதன் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கூரான கருவிகள் ஆயுத வகைக்குள் வரும். ஆனா வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இதுக்காகச் செஞ்சதுக்கு விலக்கு. அதாவது, அளவை மட்டும் வெச்சு சட்டம் முடிவு பண்றதில்லை. எந்த வேலைக்குச் செஞ்சதுன்னும் பார்க்குது. கவாத்துக் கத்தி அந்த விலக்குக்குள் வர்றது அதோட வேலையால. சினிமாவில் வர்ற வாளை ஆன்லைனில் வாங்கி அலமாரியில் மாட்டினா அதுக்கு எந்த வேலையைச் சொல்வீங்க? இது சட்ட ஆலோசனை இல்லை, நான் எழுதுறது கோடு.

ஊட்டிக்குப் போற பஸ்ஸில் உட்காரும்போது பச்சைக்கு நடுவில் மொட்டையா, சாம்பல் நிறத்தில் ஒரு சரிவு தெரிஞ்சா, அது காய்ஞ்சு போன தோட்டம் இல்லை, கவாத்து முடிஞ்ச தோட்டம். இறங்க வாய்ப்பு கிடைச்சா கிட்டப் போய் வெட்டு முகத்தைப் பாருங்க. வழவழப்பா இருந்தா கத்தி, நாரா பிரிஞ்சிருந்தா இயந்திரம். எழும்பூர் அருங்காட்சியகம் போனா, நீலகிரி ஈமச்சின்னங்களில் கிடைச்ச பொருள்களைக் கேட்டுப் பார்த்துட்டு வாங்க.

அடுத்த எபிசோடு யூகலிப்டஸ். ஆஸ்திரேலிய மரம் எப்படி நீலகிரித் தைலம் ஆச்சுங்கிற கதை. வீட்டில் பழைய தைல பாட்டில் இருந்தா லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்க.